அடங்காப்பற்றில் அமைதி

மன அமைதி வேண்டுமென்று எண்ணிய மாத்திரத்தே, இருக்கும் இடத்தை விட்டு எழுந்து போகவேண்டும் என்ற எண்ணமும் மனிதனுக்கு உடன் வந்துவிடுகின்றது. முன்னையோர் காட்டுக்கும் மலைக்கும் போயினர். இக்காலத்தார் விடுமுறை எடுத்துக்கொண்டு, பணமும் செலுத்தி, பத்து நாள் மௌனம் பழகும் நிலையங்களுக்குப் போகின்றனர். என்னோடு கற்பிக்கும் நண்பர் ஒருவர் அவ்வாறு போய் வந்தார். போன இடத்தில் அமைதி இருந்தது என்றும், அதனைக் கையோடு கொண்டுவரத்தான் முடியவில்லை என்றும் சொன்னார். ஆசிரியர் அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆயினும் அவர் சொன்னது சிரித்துத் தள்ளக்கூடிய செய்தியன்று. உலை கொதிக்கும் அடுக்களையிலும், பிள்ளைகள் கூச்சலிடும் வகுப்பிலும், கடன் கொடுத்தவன் வந்து நிற்கும் வாசலிலும் நிலையாத அமைதி நமக்கு எதற்காகும்?

இக்கேள்வி மனத்திற் கிடந்த காலத்திலேதான் வன்னிக்குப் போக நேர்ந்தது. வட்டக்கச்சியைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர், "ஒருக்காலாவது எங்கடை வீட்டை வாங்கோ, சேர்" என்று மூன்று ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். வைகாசி மாதம். வற்றாப்பளை அம்மன் பொங்கல் வரும் திங்கட்கிழமைக்கு ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை காலையிற் புறப்பட்டேன்.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு வன்னி நெடுங்காலமாக ஒரு பண்டகசாலையாகவே இருந்து வந்தது. நெல்லும், தேனும், எருமைத் தயிரும், முதிரைப் பலகையும், பருவத்தில் பாலைப்பழமும் அங்கிருந்து வரும். அவற்றை விரும்பினோமேயன்றி அங்கே போக விரும்பினோமல்லேம். காட்டுக்கும் யானைக்கும் மலேரியாக் காய்ச்சலுக்கும் அஞ்சினோம். அந்த மண்ணின் மணத்தை நம்மிற் பலர் அறிந்ததே 1973இல் வெளிவந்த பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவலைப் படித்துத்தான். பின்னர் வந்த போரோ, வன்னி என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளையே தந்துவிட்டது.

பழைய காலத்தில் இந்நிலத்துக்கு அடங்காப்பற்று என்று பெயர். யாழ்ப்பாண அரசுக்கும், பின்வந்த ஒல்லாந்தருக்கும், ஆங்கிலேயருக்கும் எளிதில் அடங்காமையால் வந்த பெயர் என்பர். பண்டாரவன்னியன் 1803ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், அவ்வாண்டின் இறுதிப் பகுதியிலேயே கற்சிலைமடுவில் தோல்வியுற்றதும் யாவரும் அறிந்தவை. அடங்காமையையே பெயராகக் கொண்ட நாட்டில் போய் அமைதியைப் பற்றி எண்ணுவது வேடிக்கைதான்.

ஆனையிறவையும் பரந்தனையும் கிளிநொச்சியையும் தாண்டிப் பஸ் ஓடிற்று. இரணைமடுச் சந்தியில் இறங்கவேண்டிய நான், முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுத் திரும்பலாம் என்று மேலும் சில மைல்களுக்குச் சீட்டு எடுத்திருந்தேன். கண்டி வீதியிற் பிரயாணம் செய்தோர் எவருக்கும் முறிகண்டியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வானளாவிய கோபுரம் எதுவுமில்லை. வீதியோரத்தில் சிறிய கோயில்; அதைச் சுற்றிக் கச்சான் கடைகள். அவ்வளவுதான். ஆயினும் எத்துணை அவசரமான சாரதியும் அங்கே வண்டியை நிறுத்தாது போவதில்லை. நெடுவழி முழுவதும் முன்னால் போகும் வாகனத்தை முந்துவதே பிறவிப் பயன் என்று ஓட்டி வந்த எங்கள் சாரதி, இறங்கிக் கால் முகம் கழுவி, திருநீறு பூசி, தேங்காய் உடைத்து, ஒரு பொட்டலம் கச்சானும் வாங்கிக்கொண்டு, வேறொரு மனிதராகத் திரும்பி வந்தார். பிள்ளையாருக்காக அன்று, கச்சானுக்காகவே பஸ் நிற்கிறது என்று பக்கத்து ஆசனத்து இளைஞர் சொன்னார். இருக்கலாம். எதற்காக நின்றால் என்ன? ஓடுகின்ற ஓட்டத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்பதை ஒரு நாடே வழக்கமாக்கி வைத்திருக்கிறதே, அது போதாதா?

மாணவர் மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துச் சென்றார். முதலில் குளக்கட்டுக்குப் போனோம்.

இரணை என்றால் இரட்டை. மடு என்றால் ஆழ்ந்த நீர்நிலை. தெற்கே வவுனியாப் பக்கத்திலிருந்து வடக்கு நோக்கி வரும் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்டது இக்குளம். 1902இல் வேலை தொடங்கி, 1920ஆம் ஆண்டளவில் முதற் கட்டம் நிறைவேறிற்று. இக்குளத்து வேலைக்காக வந்தோர் தங்கிய இடமே கிளிநொச்சிப் பட்டினமாக வளர்ந்தது. 1905இல் யாழ்ப்பாணத்துப் புகைவண்டிப் பாதையும் முற்றுப்பெற, காடு ஊராயிற்று. குளம் பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. இறுதியாக 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தி, 2018 டிசம்பரில் திறந்து வைத்தனர். திறந்த அதே மாதத்திற் பெருமழை கொட்டி, வான்கதவுகள் யாவும் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. குளம் மனிதன் கட்டியதாயினும், மழை மனிதனைக் கேட்டு வருவதில்லை.

அக்கட்டின்மேல் நின்றபோது எனக்கு யோகர் சுவாமிகளின் நினைவு வந்தது. 1872இல் மாவிட்டபுரத்திற் பிறந்து, கொழும்புத்துறைக் கொட்டிலில் வாழ்ந்து, 1964இல் மறைந்த அப்பெரியாரை, மன அமைதிக்கு ஓர் உருவமாகவே யாழ்ப்பாணம் போற்றுகின்றது. அவர் இளமையில் எங்கே உத்தியோகம் பார்த்தார் என்று கேட்டால் நம்மிற் பலர் விழிப்பர். இதே கிளிநொச்சியில், நீர்ப்பாசன வேலைப் பகுதியில், பண்டகசாலைக் காப்பாளராக இருந்தார். வந்த பொருள் எவ்வளவு, கொடுத்த பொருள் எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று நாள்தோறும் கணக்கு வைக்கும் உத்தியோகம் அது. நல்லூர்த் தேரடியிற் செல்லப்பா சுவாமிகளைக் கண்டபின் அவ்வேலையை விட்டார் என்பதையே நாம் பெரிதாகப் பேசுகின்றோம். எனக்கோ, விடுமுன் பல ஆண்டுகள் அதனைச் செய்தார் என்பதும் பெரிதாகவே படுகின்றது. பின்னாளில் தம்மிடம் வந்த வைத்தியரையும், வியாபாரியையும், எழுதுவினைஞரையும், மாணவரையும் அவர் காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. தத்தம் தொழிலையே சிவதொண்டாகச் செய்யும்படி சொன்னார். 1935இல் தொடங்கிய மாத இதழுக்கும் 'சிவதொண்டன்' என்றே பெயராயிற்று. சரியாகக் கணக்கு வைப்பதும் ஒரு தவமே என்பதை அவர் இந்தக் காட்டுப் பண்டகசாலையிலேதான் கண்டிருப்பாரோ என்று எண்ணிப் பார்த்தேன். இது என் ஊகமேயன்றி வேறன்று.

மாணவரின் தந்தையார் அறுபதைக் கடந்தவர். மெலிந்த உடம்பு; பேச்சுக் குறைவு. இராச் சாப்பாடு முடிந்ததும், "பன்னிரண்டரைக்கு எங்கடை தண்ணி முறை. மாஸ்ரர் படுங்கோ" என்றார். நானும் வருவேன் என்றேன். அவர் தடுக்கவில்லை; பழைய செருப்பு ஒரு சோடி மட்டும் எடுத்துத் தந்தார்.

காலபோகம் மழையை நம்பியது. சிறுபோகமோ குளத்தை நம்பியது. சிறுபோகத்துக்கு முன் அரசாங்க அதிபர் தலைமையிற் கமக்காரர் கூட்டம் நடக்கும். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று அளவுகோல் சொல்லும். இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு உரிய குளமாயினும், உள்ள நீருக்கு ஏற்றபடி இவ்வளவு ஏக்கருக்கே இம்முறை விதைப்பு என்று முடிவு செய்யப்படும். இவர்க்கு இத்தனை, அவர்க்கு இத்தனை என்று பங்கு வரும். பிறகு துருசு திறந்து, பெரிய வாய்க்காலால் சின்ன வாய்க்காலுக்கும், அங்கிருந்து வயலுக்கும் முறைவைத்து நீர் வரும். பகலில் முறை வந்தவன் பகலிற் போவான். நள்ளிரவில் வந்தவன் நள்ளிரவிற் போக வேண்டும். நீர் ஒருவனுடைய உறக்கத்தைப் பார்த்து வருவதில்லை.

இவ்வளவும் சண்டையின்றி நடக்கின்றன என்று எண்ணிவிடாதீர்கள். வாய்க்காலை இரகசியமாக வெட்டுவோரும் உண்டு; வரம்பை ஒரு சாண் தள்ளிவைப்போரும் உண்டு. பெரிய பிணக்கும் ஒன்று இருந்தது. யுத்தத்தின்பின், இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டபோது, இப்பகுதிக் கமக்காரர் அதனை எதிர்த்தனர். ஆண்டுகள் பல அந்த வாதம் நடந்தது. முடிவில் வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. நான் யாழ்ப்பாணத்தவனாதலால் அப்பேச்சை எடுக்கத் தயங்கினேன். அவரே எடுத்தார். "நீங்கள் குடிக்கக் கேட்டியள், நாங்கள் விதைக்கக் கேட்டம். இரண்டு பக்கமும் தாகந்தானே, மாஸ்ரர்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நிலவு நன்றாக இருந்தது. தவளைகளின் ஓசை எங்கும் நிறைந்திருந்தது. தோளில் மண்வெட்டியும் கையில் டோர்ச் விளக்குமாக அவர் முன்னே நடந்தார். வாய்க்காலில் நீர் வந்துகொண்டிருந்தது. தம் வயல் வரம்பை அடைந்ததும் நிற்பார் என்று எண்ணினேன். நிற்கவில்லை. அதனைக் கடந்து, அப்பாலுள்ள வயலுக்குப் போய், அதன் வரம்பில் நீர் பாய்வதற்கென வெட்டும் வக்கடையை மண்வெட்டியால் திறந்துவிட்டார். சிறிது நேரம் குந்தியிருந்து, நீர் பரவுவதைப் பார்த்தார். அதன் பின்னரே திரும்பி வந்து தம் வக்கடையைத் திறந்தார்.

அது யாருடைய வயல் என்று கேட்டேன்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. வாய்க்காற் கரையில் இருவரும் அமர்ந்தோம். பின்பு சொன்னார். அவ்வயலுக்கு உரியவரும் இவரும், போருக்கு முன், ஒரு வரம்புக்காகப் பதினொரு ஆண்டுகள் பேசாமல் இருந்தவர்கள். வழக்கும் நடந்ததாம். 2009 ஜனவரியிற் கிளிநொச்சியிலிருந்து கிழக்கு நோக்கி எல்லோரும் இடம்பெயர்ந்து போனபோது, விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று போகப் போக நிலம் குறுகிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் இரு குடும்பத்துக்கும் ஒரே பதுங்குகுழிதான் வாய்த்தது.

"பதினொரு வருசம் கதையாத நாங்கள், அங்கை ஒரு சாக்கில ஒட்டிக்கொண்டு இருந்தம். வரம்பைப் பற்றி அவனும் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை. வரம்பே இல்லாமல் போச்சு" என்றார்.

அந்த மனிதர் திரும்பி வரவில்லை. அவரின் மனைவியும் இரு பெண்பிள்ளைகளும் வந்தனர். இவர் குடும்பமும் அவர்களும், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மற்றையோரைப் போலச் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தனர். "முகாமில வாளியோட வரிசையில நிப்பம். எனக்கு முன்னால நிக்கிறவன் ஒரு வாளி கூட எடுத்தால் நெஞ்சு பதறும். அந்தப் பதற்றம் எனக்குப் பிடிக்கேல்லை, மாஸ்ரர். தண்ணிக்காக ஒரு மனுசனைப் பகைக்கிறதெண்டால் என்ன சீவியம்? ஊருக்குப் போனால் அப்பிடி நிக்கக்கூடாது எண்டு அங்கையே நினைச்சனான்."

முகாம் 2012இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே இவர்கள் வயலுக்கு வந்துவிட்டனர். வந்த நாள் தொட்டு, இரவு முறை வரும்போது அந்தப் பெண்ணை வரவிடாமல், அவளுடைய வக்கடையை முதலில் இவரே திறந்து விடுகின்றார். "தங்கச்சியின்ர வயல் கடைவயல். கடைவயல் குடிச்சால்தான் மற்ற வயலுக்குத் தண்ணி வந்ததெண்டு கணக்கு" என்றார்.

அதன்பின் நாங்கள் பேசவில்லை. அவர் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாள் மௌனத்துக்குப் பணம் கட்டிய என் நண்பர் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பயிரின் அடியில் நீர் ஏறும்போது ஒரு மெல்லிய ஒலி எழுகின்றது. அதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மூன்று மணியளவில் வக்கடைகளை அடைத்துவிட்டு, அடுத்த முறைக்காரருக்குக் குரல் கொடுத்துவிட்டு வீடு திரும்பினோம். அவர் படுத்தவுடன் உறங்கிவிட்டார்.

இவ்வளவோடு நான் யாழ்ப்பாணம் திரும்பியிருந்தால், வன்னி மக்கள் எல்லோரும் மன அமைதி பெற்றுவிட்டனர் என்று எழுதியிருப்பேன். அவ்வாறு எழுதுவது பொய்யாகும். மறுநாட் காலையில் முல்லைத்தீவுப் பஸ்ஸுக்காகக் கிளிநொச்சிக்கு வந்தேன். கந்தசுவாமி கோயில் முன்றிலிலே, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் தொடங்கிய போராட்டத்தைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். ஆண்டுகள் பல கழிந்தும் விடை கிடைக்கவில்லை. பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களிற் பலர், அக்காத்திருப்பிலேயே மறைந்தும் போயினர். அவர்களிடம் போய், மனத்தை அடக்கு, நடந்ததை மற என்று உபதேசிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. வாய்க்காற் கரையில் நான் கண்ட மனிதருக்குத் தம் அயலவர் இறந்தார் என்பது தெரியும். இத்தாய்மாருக்கு அதுவும் தெரியாது. தெரிந்த துன்பத்தோடு வாழப் பழகலாம். தெரியாத துன்பத்தோடு எப்படிப் பழகுவது? இவ்விடத்தில் அமைதியைத் தரவேண்டியவை உண்மையும் நீதியுமே, தியானமன்று. அமைதியைப் பற்றி எழுதுவோர் இதனை விட்டுவிட்டு எழுதுவது தகாது என்பது என் கருத்து.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதி, அம்மனிதர் சொன்ன ஊர்ப் பெயர்களின் வழியாகவே போயிற்று. புதுக்குடியிருப்பைத் தாண்டி முள்ளிவாய்க்கால். பின்பு ஒருபுறம் கடலும் மறுபுறம் நந்திக்கடலுமாக வட்டுவாகல். பஸ்ஸில் எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொண்டது போல எனக்குத் தோன்றிற்று.

முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அன்று பொங்கல், மறுநாள் வற்றாப்பளையில். இப்பொங்கலின் சிறப்பு, உப்புநீரில் எரியும் விளக்கு. பொங்கலுக்கு முந்திய வாரத்தில் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிற் கடல்நீர் எடுத்து, காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்நீரில் விளக்கேற்றுவர். பின் அவ்விளக்கு வற்றாப்பளைக்குப் போகும். மதுரையை எரித்த கண்ணகி, சினம் ஆறுவதற்காக ஈழத்தில் ஊரூராகத் தங்கி வந்தாள் என்றும், பத்தாவதாகத் தங்கிய பளை ஆதலால் பத்தாப்பளை என்றாகி, அது வற்றாப்பளை ஆயிற்று என்றும் ஐதிகம். நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவர், யாரோ ஒரு மூதாட்டி என்று எண்ணி அவளுக்குக் கொட்டில் கட்டிக் கொடுத்தனர், பொங்கிக் கொடுத்தனர். பொழுதுபட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை அள்ளி ஏற்றுங்கள் என்றாள். ஏற்றினர், எரிந்தது.

உப்புநீர் எப்படி எரியும் என்று எங்கள் இரசாயன ஆசிரியர் கேட்பார். கேட்கட்டும். எனக்கு அக்கதையிற் பிடித்தது வேறொன்று. ஒரு நகரத்தையே எரித்த சினம், மந்திரத்தாலும் ஆறவில்லை, தவத்தாலும் ஆறவில்லை. மாட்டுக்காரப் பிள்ளைகள் ஆரென்று கேளாமல் கட்டிக் கொடுத்த ஒரு கொட்டிலிலே, அவர்கள் பொங்கிக் கொடுத்த சோற்றிலே ஆறிற்று.

திங்கட்கிழமை வற்றாப்பளையில் நிற்க இடமில்லை. கோயிலைச் சுற்றி எங்கும் அடுப்புகள், எங்கும் புகை. காவடிகளும், பாற்செம்புகளும், நேர்த்திக்காக வந்த குழந்தைகளும். அமைதி என்ற சொல்லுக்கு அங்கே சற்றும் இடமில்லை என்றே சொல்லவேண்டும். கூட்டத்திலிருந்து ஒதுங்கி, நந்திக்கடற் பக்கமாக ஒரு மரநிழலில் நின்றேன். அங்கே எழுபது வயதிருக்கும் ஒரு மூதாட்டியார் மூன்று கல் வைத்துப் பொங்கிக்கொண்டிருந்தார். புதுக்குடியிருப்பிலிருந்து வந்தவராம். விறகு ஈரமாயிருந்தது, நானும் சற்று ஊதிக் கொடுத்தேன். அதனாற் பேச்சு வளர்ந்தது.

வைகாசியில் அவர் இருமுறை அடுப்பு மூட்டுவாராம். மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலிலே, 2009இல் உயிர் காத்த அந்த உப்புக்கஞ்சியைக் காய்ச்சிப் போவோர் வருவோர்க்கு வார்ப்பார். பிறகு இங்கே வந்து பொங்குவார். ஒன்று துக்கம், மற்றொன்று விழா. ஒரே மாதத்தில் இரண்டையும் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "அது அவைக்கு, தம்பி. இது அம்மாளுக்கு. இரண்டுக்கும் ஒரு மூட்டை அரிசியிலதான் அளக்கிறனான்" என்றார்.

பின்னர் வாழையிலைத் துண்டொன்றைத் துடைத்து, பானையிலிருந்து ஓர் அகப்பை பொங்கல் அள்ளி வைத்து என்னிடம் நீட்டினார். நந்திக்கடலிலிருந்து வந்த காற்றில் அடுப்புப் புகை முழுவதும் எங்கள் பக்கமே திரும்பிற்று.

"ஊதிச் சாப்பிடு, மோனை. சுடும்" என்றார்.